சி டிரைவில் 215 ஜிபி எங்கே போனது?

கேள்வி: திருச்சியில் வீட்டில் வைத்து பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வகுப்பை ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் ரெக்கார்ட் செய்து பிள்ளைகளுக்கு அனுப்புவது வழக்கம். 512 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ராம், விண்டோஸ் 11. சி டிரைவ் மட்டும்தான் இருக்கிறது. மொத்தம் 475 ஜிபி, மிச்சம் 9 ஜிபி என்று சிவப்பில் காட்டுகிறது. ஆனால் சி டிரைவைத் திறந்து எல்லா ஃபோல்டரையும் செலக்ட் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் 251 ஜிபிதான் வருகிறது. மீதி எங்கே? பழைய பாடப் பதிவுகளை ஒன்டிரைவில் போட்டேன், அப்படியும் இடம் கூடவில்லை. கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் 1 டிபி எஸ்எஸ்டி மாற்றச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி ஏதோ கிளீனர் போடச் சொல்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தால் தனி லாகினில் இதே லேப்டாப்பைத்தான் பயன்படுத்துவான். என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம் டீச்சர்.

ஃபார்மட் வேண்டாம். கிளீனரும் வேண்டாம். 1 டிபி தேவையா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 475-ல் 9 போக 466 ஜிபி நிரம்பியிருக்கிறது. உங்கள் கைக்குக் கணக்கு வந்தது 251. ஆக, 215 ஜிபிக்குத்தான் கணக்கு இல்லை. அது எதில் இருக்கிறது என்று தெரியாமல் கை வைத்தால், வேண்டியதுதான் முதலில் போகும். லேப்டாப் சர்வீஸ் வேலையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இடம் இல்லை என்று கொண்டுவந்து கொடுப்பார்கள், யாராவது ஃபார்மட் செய்து கொடுத்துவிடுவார்கள், கொஞ்ச நாள் கழித்து குழந்தையின் பழைய போட்டோ இருந்த ஃபோல்டரைத் தேடிக்கொண்டு வருவார்கள். எஸ்எஸ்டியில் அப்படிப் போனது பெரும்பாலும் போனதுதான். அழித்த இடத்தை விண்டோஸ் உடனே எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடும், அதுவும் அந்த இடத்தைத் துடைத்துவிடும். ‘டிரிம்’ என்பது இதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கில் மீட்டதைப் போல இதில் மீட்க முடியும் என்று நம்பி எதையும் அழிக்காதீர்கள்.

512 வாங்கி 475 காட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. தயாரிப்பாளர் கணக்கில் ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸ் கணக்கில் அது 1024-ஐ மூன்று முறை பெருக்கி வருவது, அதாவது 107 கோடியே 37 லட்சம் பைட் சொச்சம். கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: 512-ஐ 1.0737-ஆல் வகுத்தால் 476.8 வரும். அதில் ஒன்றோ ஒன்றரையோ ஜிபி, லேப்டாப் பூட் ஆவதற்கும் பழுது பார்ப்பதற்கும் என்று தனியாக ஒதுங்கிவிடும். இந்த வித்தியாசத்துக்காக அமெரிக்காவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் மீது வழக்கே நடந்து, 2006-ல் சமரசமாக முடிந்தது. ஆப்பிள் 2009-லிருந்து மேக்கில் தயாரிப்பாளர் கணக்கையே காட்ட ஆரம்பித்தது. விண்டோஸ் மாறவில்லை. அதனால் இந்த 37 ஜிபியை மறந்துவிடுங்கள், அது எப்போதும் உங்களிடம் இருந்ததில்லை.

இப்போது அந்த 215. எல்லாவற்றையும் செலக்ட் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தேன் என்கிறீர்களே, அந்த முறையிலேயே ஓட்டை இருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் கண்ணுக்குக் காட்டாத சிஸ்டம் ஃபைல்கள் உங்கள் செலக்ஷனில் சேரவே சேராது. உங்கள் லாகினுக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர் வந்தால், அதை எண்ணாமல் தாண்டிப் போய்விடும், தாண்டியதாக ஒரு வார்த்தை சொல்லவும் செய்யாது. பூட்டிய அறைகளை விட்டுவிட்டு வீட்டின் சதுர அடியை அளந்தது போலத்தான் அந்த 251.

பூட்டிய அறைகள் என்னென்ன? விண்டோஸின் சொந்தச் செலவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஹைபர்நேட் செய்வதற்காக, அதாவது திறந்திருக்கும் வேலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு லேப்டாப்பை அணைப்பதற்காக, ‘ஹைபர்ஃபில்’ என்று ஒரு ஃபைலை விண்டோஸ் வைத்துக்கொள்ளும். பொதுவாக ராமில் 40 சதவீதம், உங்கள் 16 ஜிபிக்கு 6.4 ஜிபி. ராம் போதாதபோது பயன்படுத்த ‘பேஜ்ஃபைல்’ என்று இன்னொன்று. அது தேவைக்கு ஏற்ப வளரும், சுருங்கும். சில ஜிபி இருக்கலாம், பத்துப் பதினைந்தும் இருக்கலாம். 2019-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து ‘ரிசர்வ்ட் ஸ்டோரேஜ்’ என்று சுமார் 7 ஜிபியை அப்டேட்டுகளுக்காகத் தனியே பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கமும் வந்தது. இந்த மூன்றையும் தாராளமாகப் போட்டாலும் 30 ஜிபிதான். இவற்றில் எதிலும் கை வைக்க வேண்டாம். ஹைபர்நேட்டை நிறுத்தினால் 6 ஜிபி கிடைக்கும் என்று பலர் சொல்வார்கள். கிடைக்கும்தான். ஆனால் கரண்ட் போய் பேட்டரியும் தீரும் நேரத்தில் திறந்து வைத்த வேலையைக் காப்பாற்றுவது அதுதான். 6 ஜிபிக்காக அதை விட்டுக்கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து சிஸ்டம் ரீஸ்டோர். இதுதான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டிய ஆள். விண்டோஸ் அவ்வப்போது தன் பழைய நிலையைப் பிடித்து, ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற மறைவான ஃபோல்டரில் வைக்கும். எவ்வளவு வரை வைக்கலாம் என்ற வரம்பு சரியாக இருந்தால் பிரச்சினை இல்லை. வரம்பை யாராவது ஏற்றிவிட்டிருந்தால் பல பத்து ஜிபி அங்கே போய்விடும், எக்ஸ்ப்ளோரரில் அதன் சுவடே தெரியாது. பார்ப்பது சுலபம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘ரீஸ்டோர் பாயின்ட்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்’ என்று வரும். அதைத் திறந்து, சி டிரைவைத் தேர்ந்து, ‘கான்ஃபிகர்’ அழுத்துங்கள். ‘கரன்ட் யூசேஜ்’ என்று இருப்பது இப்போது பிடித்திருக்கும் இடம். கீழே உள்ள ஸ்லைடரை 3 சதவீதத்தில் வையுங்கள், உங்கள் டிரைவுக்கு அது 14 ஜிபி வரும். அதற்கு மேல் இருக்கும் பழைய ரீஸ்டோர் பாயின்ட்டுகளை அதுவே கழித்துவிடும். பக்கத்தில் இருக்கும் ‘டெலீட்’ பட்டனை அழுத்தினால் எல்லாமே போய்விடும், அது தேவையில்லை. ஒரு அப்டேட் சொதப்பினால் திரும்பிப் போக ஒன்றிரண்டாவது இருக்கட்டும்.

இதெல்லாம் சேர்த்தும் 215-க்கு எட்டாது என்பது என் கணிப்பு. உங்கள் கடிதத்தில் கடைசி வரியாக நீங்கள் போகிற போக்கில் எழுதியதைத்தான் நான் முதல் வரியாகப் படித்தேன்: மகனுக்குத் தனி லாகின்.

அவருடைய ஃபோல்டருக்குள் உங்கள் லாகின் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் அதன் அளவு உங்கள் 251-ல் வந்திருக்காது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், வீடியோ எல்லாமே அவருக்குத் தனி. ரீசைக்கிள் பின்னும் ஆளுக்கு ஒன்று. நீங்கள் உங்களுடையதைக் காலி செய்தால் அவருடையது அப்படியே இருக்கும். அதோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் என்கிறீர்கள். கல்லூரி லேபுக்காக விர்ச்சுவல்பாக்ஸில் (லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) உபுண்டு, காளி என்று வேறு இயங்குதளங்கள் ஒன்றிரண்டு போட்டிருந்தால் ஒவ்வொன்றும் இருபது, நாற்பது ஜிபி சர்வசாதாரணம். அவை இருக்கும் ‘விடிஐ’ ஃபைல்களுக்கு ஒரு குணம் உண்டு: உள்ளே ஃபைல் சேரச் சேர வளரும், உள்ளே அழித்தாலும் வெளியே சுருங்காது. அதன் அப்போதைய நிலையை ‘ஸ்னாப்ஷாட்’ என்று சேமித்து வைத்திருந்தால் அதன்மேல் இன்னும். போன் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போட்டிருந்தால் அதன் கருவித் தொகுப்பான எஸ்டிகே ஒரு பக்கம், திரையில் ஓடும் ஒவ்வொரு எமுலேட்டர் (போலி) போனும் பல ஜிபி ஒரு பக்கம். ஐபோன் வைத்திருந்து ஐடியூன்ஸில் பேக்கப் எடுத்திருந்தால், அந்த முழு போனும் ‘மொபைல்சிங்க்’ என்ற ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். செமஸ்டர் முடிந்ததும் இதையெல்லாம் எடுத்துப் போடும் மாணவர் அபூர்வம்.

ஊகம் போதும், அளந்து பார்த்துவிடுங்கள். லேப்டாப்பிலேயே இருக்கும் வழி இது. செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். சில நொடி ஓடிய பிறகு ஒரு பட்டியல் வரும். அடியில் ‘ஷோ மோர் கேட்டகரீஸ்’ என்று இருக்கும், அதை அழுத்துங்கள். இரண்டு வரிகளைப் பாருங்கள். ‘சிஸ்டம் அண்ட் ரிசர்வ்ட்’ என்பதில் மேலே சொன்ன ஹைபர்நேட், பேஜ்ஃபைல், ரிசர்வ்ட் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து இருக்கும். ‘அதர் பீப்பிள்’ என்பது இந்த லேப்டாப்பில் உள்ள மற்றவர்களின் லாகின். அதன் நேரே நூறு, நூற்றைம்பது ஜிபி என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இதைவிடத் துல்லியமாகப் பார்க்க வைஸ்ட்ரீ என்ற சின்ன மென்பொருளைப் போடுங்கள். சொந்த உபயோகத்துக்கு இலவசம். அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பர லிங்க்குகளிலிருந்து வேண்டாம். ஐகானை ரைட் கிளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறக்க வேண்டும், அதுதான் முக்கியம். சாதாரணமாகத் திறந்தால் இதுவும் பூட்டிய இடத்தில் தடுமாறும். சி-யைத் தேர்ந்து ‘ஸ்கேன்’ கொடுங்கள். ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து எண்ணாமல், டிரைவின் தலைப்பில் இருக்கும் ஃபைல் பதிவேட்டையே நேராகப் படிப்பதால் சில நொடியில் முடிந்துவிடும். பெரிய ஃபோல்டர் மேலே, சின்னது கீழே என்று வரிசையாக வரும். இடது பக்க அம்புக்குறியை அழுத்தி அழுத்தி உள்ளே போங்கள்: ‘யூசர்ஸ்’, அதற்குள் மகனின் பெயர், அதற்குள் எது முதலில் நிற்கிறது. நாலைந்து அழுத்தலில் ஆள் கிடைத்துவிடுவார். கீழே வண்ண வண்ணக் கட்டங்களாக ஒரு படமும் வரும். அதில் ஒரே ஃபைல் பாதித் திரையைப் பிடித்திருந்தால், அது எதுவென்று மேலே மவுஸை வைத்தாலே தெரியும்.

இது பார்ப்பதற்கு மட்டும். வைஸ்ட்ரீயிலிருந்தே டெலீட் செய்யும் வசதியும் இருக்கிறது, அதை நீங்கள் தொடவே வேண்டாம். எக்ஸ்ப்ளோரரில் மகனின் ஃபோல்டரைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று சொல்லி ‘கன்டினியூ’ என்று ஒரு பட்டன் காட்டும். அதை அழுத்தினால் ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு நிற்காது, அந்த ஃபோல்டரின் அனுமதியையே நிரந்தரமாக மாற்றிவிடும். ‘அக்கவுன்ட்டை ரிமூவ் செய்துவிட்டால் ஒரேயடியாக இடம் வரும்’ என்றும் யாராவது சொல்வார்கள். வரும், கூடவே அவருடைய ப்ராஜெக்ட்டும் போகும். படிக்கும் பையனுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். சாயந்திரம் போன் செய்து கேளுங்கள், அடுத்த முறை வரும்போது அவரே உட்கார்ந்து எடுக்கட்டும். விர்ச்சுவல்பாக்ஸ் மெஷின்களை ஃபோல்டரில் போய் அழிக்காமல், விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்து அதிலேயே ‘ரிமூவ்’, அப்புறம் ‘டெலீட் ஆல் ஃபைல்ஸ்’ என்று எடுத்தால் சுத்தமாகப் போகும். வேண்டும் என்பதை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம்.

அதுவரை தாக்குப்பிடிக்க உங்கள் பக்கத்திலும் இடம் எடுக்கலாம். இங்கேதான் ஒன்டிரைவைப் பற்றி நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பதற்றம் தந்த வரி அதுதான்.

ஒன்டிரைவ் ஃபோல்டர் வேறெங்கோ இல்லை, உங்கள் சி டிரைவிலேயேதான் இருக்கிறது. அதில் ஒன்றைப் போட்டால், அதன் நகல் ஒன்று இணையத்துக்கும் போகும், அவ்வளவுதான். இங்கே இருப்பது இங்கேயே இருக்கும். நீங்கள் கட் செய்யாமல் காப்பி செய்து போட்டிருந்தால் ஒரே வகுப்பு சி டிரைவில் இரண்டு இடத்தில் இருக்கிறது. அப்புறம், இலவச ஒன்டிரைவ் 5 ஜிபிதான். வீடியோக்கள் அதை ஒரே வாரத்தில் நிரப்பிவிடும். நிரம்பியதும் மேலே ஏற்றுவது நின்றுவிடும், ஃபோல்டரில் மட்டும் ஃபைல் சேர்ந்துகொண்டே போகும். பார்க்க எல்லாம் பத்திரமாக இருப்பது போலவே தெரியும். ஒன்டிரைவ் ஃபோல்டரில் ‘ஸ்டேட்டஸ்’ பத்தியைப் பாருங்கள். நீல நிறத்தில் மேகம் இருந்தால் அது இணையத்தில் மட்டும் இருக்கிறது, இங்கே இடம் பிடிக்கவில்லை. பச்சை டிக் இருந்தால் இரண்டு இடத்திலும் இருக்கிறது. சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி இருந்தால் ஏறவே இல்லை, உலகத்தில் அதன் ஒரே பிரதி உங்கள் லேப்டாப்பில்தான்.

பச்சை டிக் உள்ளவற்றை ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுத்தால் நீல மேகமாகிவிடும், இடம் கிடைக்கும். ஆனால் டெலீட் கொடுத்தால் இணையத்திலிருந்தும் சேர்த்துப் போய்விடும். தெரியாமல் அப்படிச் செய்திருந்தால், ஒன்டிரைவ் தளத்துக்குப் போய் அங்கே உள்ள ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள் வைத்திருப்பார்கள். ‘அதுதான் ஒன்டிரைவில் இருக்கிறதே’ என்று மூலத்தை அழித்து, அது ஏறியே இருக்கவில்லை என்று பிறகு தெரிந்துகொள்வது மிகவும் வேதனையான விஷயம். வருஷக்கணக்கில் எடுத்த பாடம் உங்களுடையது. அதனால் ஸ்டேட்டஸைப் பார்க்காமல் ஒன்றையும் அழிக்க வேண்டாம்.

ஓபிஎஸ் பதிவுகளைப் பொறுத்தவரை இரண்டு இடம் பாருங்கள். உங்கள் ‘வீடியோஸ்’ ஃபோல்டரைத் திறந்து தேதிவாரியாக அடுக்குங்கள். ஒரே தேதி, ஒரே நேரப் பெயரில் ‘எம்கேவி’ வகை வீடியோ ஃபைல் ஒன்றும் ‘எம்பி4’ வகை ஒன்றும் ஜோடியாக நிற்கிறதா? ஓபிஎஸ் எம்கேவியில் பதிவு செய்து, நீங்கள் அனுப்புவதற்காக எம்பி4-ஆக மாற்றும்போது பழையதை அழிப்பதில்லை. படமும் ஒலியும் இரண்டிலும் அதேதான், ஆகவே ஒவ்வொரு வகுப்பும் இரட்டைச் செலவு. எம்பி4-ஐத் திறந்து ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பாருங்கள். சரியாக ஓடினால் எம்கேவியை எடுத்துவிடலாம். டியூஷன் எடுக்கும் பலருக்கும் பெரிய பாரம் இதில்தான் இறங்குகிறது.

இரண்டாவது, இனிமேல் எடுக்கும் பதிவுகள். ஓபிஎஸ் செட்டிங்ஸில் ‘அவுட்புட்’ போய், ‘ரெக்கார்டிங் குவாலிட்டி’ என்ன என்று பாருங்கள். ‘லாஸ்லெஸ்’ என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். பெரிய திரையில் அது நிமிடத்துக்கு 7 ஜிபிக்கு மேல்கூடப் போகும் என்று ஓபிஎஸ்ஸே எச்சரிக்கிறது. ‘சேம் ஆஸ் ஸ்ட்ரீம்’ என்று வைத்து, வீடியோ பிட்ரேட்டை 2500 ஆக்குங்கள். நொடிக்கு 2500 கிலோபிட் என்றால் மணிக்கு 1.1 ஜிபி. அதுவே 6000 என்று இருந்தால் 2.7 ஜிபி. கிரிக்கெட் மேட்ச் என்றால் வித்தியாசம் தெரியும். வெள்ளைப் பலகையில் இன்டகிரேஷன் போட்டுக் காட்டும் திரையில் பெரும்பகுதி அசையாமல் நிற்பதால் 2500-லேயே எழுத்து தெளிவாக இருக்கும். ஒரு வகுப்பைப் பதிவு செய்து, பிள்ளைகள் போனில் பார்த்துச் சொல்லட்டும். ஏற்கெனவே பெரிதாக எடுத்தவற்றை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டுச் சுருக்கலாம். ராத்திரி ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். சுருக்கியதை ஓட்டிப் பார்த்த பிறகே பழையதை அழிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பையும் ஒரு பார்வை பாருங்கள். லேப்டாப்பில் வாட்ஸ்அப் போட்டிருந்தால், பிள்ளைகள் அனுப்பும் வீட்டுப்பாட போட்டோ, குடும்ப குரூப் வீடியோ எல்லாம் தானாக இறங்கிச் சேர்ந்துகொண்டிருக்கும். அதன் செட்டிங்ஸில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்திவிட்டால் போதும்.

விண்டோஸ் சேர்த்து வைத்த குப்பைக்கு, அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘டெம்ப்ரரி ஃபைல்ஸ்’ என்று இருக்கும். அதில் ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’, ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ ஆகியவற்றை டிக் செய்து எடுக்கலாம், ஒரு குறையும் வராது. ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்று பெரிதாக ஒன்று இருந்தால் அது சமீபத்தில் பெரிய அப்டேட் ஒன்று வந்ததன் மிச்சம். பத்து நாளில் விண்டோஸே அதை எடுத்துவிடும். புது அப்டேட்டில் எல்லாம் சரியாக ஓடுகிறது என்றால் முன்பே எடுக்கலாம். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி இருக்கிறது. அது குப்பை இல்லை, உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். டிக் செய்துவிடாதீர்கள். பேங்க் ஸ்டேட்மென்ட், மார்க் ஷீட், ஆதார் நகல் எல்லாம் பலருக்கும் அங்கேதான் கிடக்கும்.

வைஸ்ட்ரீயில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்று பெரிதாக ஒன்று தெரியும். பலர் அதைப் பார்த்துவிட்டு அழிக்கப் போகிறார்கள். வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் பல ஃபைல்கள் விண்டோஸின் வேறு இடங்களில் இருக்கும் அதே ஃபைல்கள்தான், ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். எக்ஸ்ப்ளோரர் அதை இரண்டு முறை எண்ணிப் பெரிதாகக் காட்டும். கையால் அழித்தால் லேப்டாப் எழுந்திருக்காமலேயே போகலாம். மேலே சொன்ன அப்டேட் கிளீனப் அதில் எடுக்க வேண்டியதை முறையாக எடுத்துவிடும்.

அந்தத் தம்பி சொன்ன கிளீனர்: அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது எடுக்கும் குப்பையை விண்டோஸே எடுக்கும். அதற்கு மேல் அது செய்யும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) சுத்தத்தில் இடம் ஒன்றும் வராது, கெடுதல் வர வாய்ப்பு உண்டு. 2017-ல், மிகப் பிரபலமான சிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே யாரோ வைரஸைப் புகுத்திவிட்டார்கள். கண்டுபிடிப்பதற்குள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் அது போய்விட்டது. உங்கள் லேப்டாப்பில் முழு அதிகாரத்தோடு ஓடும் ஒன்றை, தேவையே இல்லாமல் உள்ளே விட வேண்டியதில்லை.

இத்தனையும் செய்து ஒரு 60, 70 ஜிபி காலியாக நின்றால் லேப்டாப் நிம்மதியாக ஓடும். எஸ்எஸ்டி விளிம்புவரை நிரம்பினால் எழுதும் வேகம் குறையும், அப்டேட்டுகளும் பாதியில் நிற்கும். அதனால் பத்துப் பதினைந்து சதவீதத்தைக் கையிருப்பாக எப்போதும் விட்டுவையுங்கள். பழைய வருஷத்துப் பாடங்களுக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடுங்கள். அதுதான் உங்களுக்கு முதல் செலவாக இருக்க வேண்டும், 1 டிபி எஸ்எஸ்டி இல்லை. கட் செய்து போடாமல் காப்பி செய்யுங்கள், அங்கிருந்து ஓரிரண்டைத் திறந்து பார்த்து, பிறகு இங்கே அழியுங்கள். உங்கள் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்வரை இடம் திரும்ப வராது என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொரு பிரதி எங்கும் இல்லாத பாடங்கள் என்றால் அந்த ஒரு டிஸ்க்கையும் நம்ப வேண்டாம், கீழே விழுந்தால் போயிற்று. இரண்டாவதாக ஒன்றிலும் வைத்துவிடுங்கள்.

மகனோடு பேசிய பிறகும் இரண்டு பேருக்கும் இடம் போதாது என்று தெரிந்தால் 1 டிபி போடுவதில் தவறில்லை. அப்போது கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் மாடலில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்பது. இருந்தால் பழையதைத் தொடாமலே புதிதைச் சேர்க்கலாம். மாற்றத்தான் வேண்டும் என்றால், லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். உள்ளே எதையாவது மாற்றியதும் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும், அது இல்லையென்றால் உங்கள் டேட்டாவை யாராலும் திறக்க முடியாது. திரும்ப வாங்கும்போது கடையிலேயே ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து பாருங்கள். பழைய 512-ஐ அப்படியே நகல் எடுத்துப் போட்டு, மீதிப் பாதியைச் சேர்க்காமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ‘அன்அலொகேட்டட்’ என்று கறுப்புப் பட்டையோடு ஒரு கட்டம் பெரிதாக இருந்தால் நீங்கள் காசு கொடுத்த இடம் அங்கே சும்மா கிடக்கிறது. அதை சி டிரைவோடு சேர்த்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

ஒருவேளை வைஸ்ட்ரீயை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டியும் அது காட்டும் கூட்டல் 466-க்குப் பக்கத்தில் வராமல், நூறு ஜிபிக்கு மேல் துண்டு விழுந்தால், டிரைவின் பதிவேட்டிலேயே பிசகு இருக்கலாம். சி டிரைவை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், ‘செக்’ என்று கொடுங்கள். ஆனால் பாடங்களை வெளியே ஒரு பிரதி எடுத்து வைத்த பிறகே அதைச் செய்ய வேண்டும். அப்படியும் கணக்கு நேராகவில்லை என்றால், வைஸ்ட்ரீயின் முதல் திரையையும் ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘சிஸ்டம் அண்ட் ரிசர்வ்ட்’ திறந்த திரையையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஃபோல்டர் பெயர்களில் பிள்ளைகளின் பெயர் இருந்தால் மறைத்துவிட்டு அனுப்பினால் போதும், எனக்கு எண்கள்தான் வேண்டும்.